மறுபடியும் ஞானஸ்நானம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்த எனக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். பிறகு, வளர்ந்தபின் விசுவாசத்தை நானே சபையின் முன் அறிக்கையிடும் திடப்படுத்தலும் பெற்றேன். திருமணத்துக்குப் பின் கணவர் வீட்டாருடன் பெந்தெகொஸ்தே சபைக்குச் செல்கிறேன். தலையில் தண்ணீர் தெளித்தது ஞானஸ்நானமே அல்ல, விசுவாசித்து முழுகினால்தான் செல்லும் என்று அங்கே சொல்கிறார்கள். அப்படியானால் இத்தனை காலமும் நான் யார்? மறுபடி எடுப்பது தவறா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குள் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. ஒன்று தண்ணீரின் அளவைப் பற்றியது; அதை விரைவில் முடித்துவிடலாம். கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு அவரோடு எழுந்திருப்பதே ஞானஸ்நானம் என்று ரோமர் 6-இல் பவுல் சொல்வதற்கு முழுக்கே பொருத்தமான அடையாளம் என்பதில் ஐயமில்லை. கீழைத் திருச்சபைகள் இன்றும் கைக்குழந்தைகளைக்கூட மும்முறை முழுக்குகின்றன. ஆனால் மிகப் பழைய திருச்சபை ஒழுங்குநூலான டிடாக்கே, ஓடும் நீரில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, அது இல்லையென்றால் வேறு நீரிலும், போதிய நீரே இல்லாதபோது தலையில் மும்முறை ஊற்றியும் கொடுக்கலாம் என்கிறது. நீர் குறைந்தால் ஞானஸ்நானம் செல்லாது என்று அக்காலத் திருச்சபையார் கருதவில்லை.

குழந்தைக்குக் கொடுத்தது செல்லுமா என்பதே உண்மையான வழக்கு. குழந்தை ஞானஸ்நானம் பெற்றதாகப் புதிய ஏற்பாட்டில் வெளிப்படையான சான்று ஒன்றுகூட இல்லை. லீதியாளின் வீட்டாரும் பிலிப்பி சிறைக்காவலனின் வீட்டாரும் பெற்றதாக அப்போஸ்தலர் 16 சொல்கிறது. அந்த வீடுகளில் குழந்தைகள் இருந்தார்களா என்று அது சொல்லாததால் இரு தரப்பும் அதே வசனங்களைக் கையில் எடுக்கின்றன. ஏறத்தாழ கி.பி. 200-இல் திருச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன் குழந்தைகளுக்கு அவசரப்பட வேண்டாம் என்று எழுதினார். வழக்கம் அப்போதே இருந்ததால்தானே அவர் தடுக்க வேண்டியிருந்தது?

உங்கள் கணவரின் சபையார் சொல்வதையும் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் சிலர் கூடி, குழந்தைப் பருவத்தில் பெற்றதைக் கணக்கில் கொள்ளாமல், விசுவாச அறிக்கையின் பேரில் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527-இல் நகர மன்றம் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. பிறந்தவர் அனைவரையும் கேளாமலே கிறிஸ்தவராக்கிய ஒரு சமுதாயத்தில், ‘நீ விசுவாசிக்கிறாயா?’ என்று கேட்க அவர்களுக்கு நியாயம் இருந்தது. அந்தக் கேள்வியை நம் திருச்சபைகளும் அடிக்கடி மறந்துவிடுகின்றன; ஞானஸ்நானம் பல வீடுகளில் பெயர் சூட்டும் விருந்தாகச் சுருங்கிவிட்டது.

இருந்தாலும் அவர்களுடைய முடிவு எனக்கு ஏற்புடையதல்ல. கொடுப்பவர் தகுதியற்றவர் என்றால் ஞானஸ்நானமும் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவின் தொனாத்தியர்கள் என்ற பிரிவினர் வாதிட்டபோது, கொடுப்பவர் உண்மையில் கிறிஸ்துவே என்று அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் பதில் சொன்னார். பெறுபவரின் விசுவாசத்துக்கும் இதையே பொருத்தலாம். இருபது வயதில் முழுகிய ஒருவர், அன்று தனக்கிருந்தது வெறும் உணர்ச்சிதான் என்று நாற்பதில் உணர்ந்தால் மறுபடி முழுக வேண்டுமா? அறுபதில் மீண்டும் ஐயம் எழுந்தால்? ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூதர் 1528-இல் ஏறத்தாழ இதையே கேட்டார். நம் விசுவாசம் ஏறி இறங்கக்கூடியது. வாக்குக் கொடுத்தவர் மாறாததால்தான் ஞானஸ்நானம் நிற்கிறது. விசுவாசம் அதற்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். வராமலே போனால் இழப்பு பெரிதுதான், ஆனால் கொடுக்கப்பட்டது அதனால் பொய்யாகிவிடாது.

ஆகவே இத்தனை காலமும் நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவரே. ‘ஒரே ஞானஸ்நானம்’ என்று நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுவதும், 1982-இல் பெரு நாட்டின் லீமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் கூடி, ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடாதது என்று எழுதியதும் இந்தப் பொருளில்தான்.

மறுபடி எடுப்பது தவறா என்றால், அவர்களைப் பொறுத்தவரை அது மறுபடி அல்ல, அதுவே முதலாவது. நீங்கள் அந்தத் தண்ணீரில் இறங்கினால், முன்பு நடந்தது ஒன்றுமில்லை என்று சபையின் முன் சொன்னதாகவே பொருள். மனமார அப்படி நம்பினால் எடுங்கள். வீட்டின் சமாதானத்துக்காக மட்டும் எடுக்க வேண்டாம். குழந்தையில் உங்களுக்காகப் பிறர் சொன்ன வாக்குறுதியைத் திடப்படுத்தலில் நீங்களே வாய்விட்டுச் சொன்னீர்கள் என்பதை உங்கள் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் விசுவாச அறிக்கை அங்கே நடந்திருக்கிறது. அதன் பிறகும் அந்தச் சபை உங்களை உறுப்பினராகச் சேர்க்க மறுக்கலாம், திருவிருந்தும் தராமலிருக்கலாம். அது அவர்களுடைய ஒழுங்கு. கணவரோடு அங்கே ஆராதிக்க அது தடையல்ல. திருவிருந்துக்கு நீங்கள் வளர்ந்த ஆலயத்துக்குப் போய் வரலாம்.