பழைய வீட்டை வாங்குமுன் பரிசோதிக்கப் பணம் செலவழிக்கலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஏறக்குறைய 30 ஆண்டுப் பழைமையான ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்றை 380,000 ரிங்கிட்டுக்குப் பேசியிருக்கிறோம். வீட்டைப் பரிசோதிக்க ஒரு நிறுவனம் 800 ரிங்கிட் கேட்கிறது. வங்கியின் மதிப்பீட்டாளர் எப்படியும் வருவார், இது வீண்செலவு என்கிறார் வீட்டு முகவர். கட்டடக் குத்தகை வேலை செய்யும் என் மாமா இலவசமாகவே பார்த்துச் சொல்வதாகக் கூறுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, பினாங்கு

பதில்: உங்கள் வீட்டுக்கு அந்தச் செலவு தகும், சகோதரி. ஆனால், வேண்டாம் என்று விலகும் உரிமை உங்கள் கையில் இருக்கும்போதே செய்தால்தான் தகும்.

மதிப்பீட்டாளர் வருவார் என்பது உண்மைதான். ஆனால் அவர் வங்கிக்காக வருகிறார். கொடுக்கும் கடனுக்கு வீட்டின் விலை ஈடாகுமா என்பதே அவருடைய கணக்கு. கூரைக்குள் ஏறிக் கரையானைத் தேடுவது அவர் வேலையன்று. மேம்பாட்டாளரிடம் வாங்கும் புது வீடாக இருந்தால், சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைகளை அவரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். மறுத்தால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முந்தைய உரிமையாளரிடம் வாங்கும் வீட்டுக்கு இவை எதுவும் இல்லை. ‘இருக்கும் நிலையிலேயே’ என்ற சொற்றொடர் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும்; கையெழுத்திட்ட பிறகு தெரியவரும் பழுது பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

இந்த வயதுடைய வரிசை வீடுகளில், பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்டாதவை அரிது. முதலில் கட்டிய வீடு ஆழமான அடித்தளத்தில் நிற்க, பின்னால் சேர்த்த பகுதி மேலோட்டமான அடித்தளத்தில் நின்றால், இரண்டும் ஒரே அளவில் மண்ணில் இறங்குவதில்லை. அவை இணையும் இடத்தில் மேலே அகன்று கீழே ஒடுங்கும் வெடிப்பு தோன்றும். வீட்டில் அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதுச் சாயம் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தப் பகுதிக்கு மாநகர் மன்றம் ஒப்புதல் தந்த வரைபடம் இருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். கூரையின் மரச்சட்டங்களையும், உள்ளே துருவேறிய பழைய இரும்புக் குழாய்களையும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இயங்குகிறதா என்பதையும் பரிசோதகர் பார்த்தாக வேண்டும். கூரைக்குள் ஏற மாட்டோம் என்று சொல்லும் நிறுவனத்துக்கு 800 ரிங்கிட் கொடுக்காதீர்கள். முகவரே பரிந்துரைக்கும் நிறுவனமும் வேண்டாம்.

மாமாவையும் அழைத்துச் செல்லுங்கள். பழுதைச் சொன்னால் மருமகளின் மனம் நோகுமோ என்று தயங்கும் மாமாக்களும் உண்டு, பழுதைக் கண்டவுடன் அந்த வேலையைத் தமக்கே தரச் சொல்லும் மாமாக்களும் உண்டு. உங்கள் மாமா எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். எப்படியிருந்தாலும், அவருடைய வாய்மொழியை வைத்துக்கொண்டு விற்பவரிடம் விலை பேச முடியாது. படங்களோடு எழுத்தில் வரும் அறிக்கை இருந்தால், கூரையை மாற்ற ஆகும் செலவை விலையில் கழித்துத் தருமாறு கேட்கலாம்.

வழக்கப்படி முதலில் 2 விழுக்காடு, அதாவது 7,600 ரிங்கிட், முன்பணமாகக் கட்டுவீர்கள். சுமார் இரண்டு வாரத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மேலும் 8 விழுக்காடு கட்ட வேண்டியிருக்கும். பரிசோதனையில் பெரும் பழுது தெரிந்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை, முன்பணம் கட்டுமுன்பே உங்கள் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் சேர்த்துவிடுங்கள். விற்பவர் அதற்கு இணங்காவிட்டால், முதலில் பரிசோதனை, பிறகு முன்பணம்.

நீங்கள் கேட்டது அடுக்குமாடி வீடாக இருந்திருந்தால், பரிசோதகரைவிட வீட்டு உரிமையாளர்களின் நிர்வாகக் கழகத்துடைய கணக்குகளையும், பெரிய பழுதுபார்ப்புகளுக்கென அது சேர்த்துவைக்கும் சேமநிதியின் இருப்பையும் முதலில் பாருங்கள் என்றிருப்பேன்.

பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது, நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்துக் குறியுங்கள். வெயில் காய்ந்த வாரத்தில் கூரைக் கசிவு எளிதில் கண்ணில் படாது.