குடற்புழு மருந்துச் சஸ்பென்ஷன்: படிவதும் மீண்டும் கலப்பதும் – கேள்வி பதில்

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை ஒட்டி நடைபெறும் தேசிய குடற்புழு நீக்க முகாம்கள் முடிந்த வாரங்களில், அங்கே தரப்படும் குடற்புழு மருந்தான அல்பெண்டசோல் பற்றிய கேள்விகள் எனக்கு வந்துகொண்டே இருக்கும். திரவ மருந்துகளை உருவாக்கும் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இப்போது நாகர்கோவிலில் ஓய்வில் இருப்பதால், மாணவர்கள் முதல் ஆடு வளர்ப்பவர்கள் வரை பலரும் கேட்டவற்றில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றைத் தொகுத்து இங்கே விடையளிக்கிறேன்.

தக்கலையிலிருந்து மருந்தியல் மாணவர்: ஐயா, இருமல் மருந்தைப் போல அல்பெண்டசோலையும் தெளிந்த சிரப்பாகச் செய்துவிட்டால் படியும் சிக்கலே இருக்காதே? ஏன் சஸ்பென்ஷனாகவே செய்கிறார்கள்?

அல்பெண்டசோல் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. அது ஒரு வலிமை குறைந்த காரம் என்பதால் கடும் அமிலத்தில் ஓரளவு கரையும்; ஆனால் அத்தகைய அமிலக் கரைசலை ஒரு குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்க முடியாது. கரிமக் கரைப்பான்களைச் சேர்த்துக் கரைக்கலாம் என்றால், 5 மி.லி.யில் 200 மி.கி. கரைவதற்குத் தேவைப்படும் அளவு குழந்தையின் உடலுக்கு ஏற்றதன்று. ஆகவே மருந்தை நுண்ணிய தூளாகவே வைத்து, அதைத் திரவம் முழுவதும் பரவி நிற்கச் செய்கிறோம்; இதுதான் சஸ்பென்ஷன். குடலுக்குள்ளேயே இருக்கும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கு இது குறையே இல்லை. மருந்து அங்கேயே நின்று வேலை செய்கிறது.

கரையாமல் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: நாவில் கரையாத பொருளின் கசப்பை நாக்கு அறிவதில்லை. குடலில் நோய் தரும் நுண்ணுயிரிகளான அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல் கடுங்கசப்புடையது. அதனால்தான் குழந்தைகளுக்கான திரவத்தில், நீரில் மிகக் குறைவாகக் கரையும் மெட்ரோனிடசோல் பென்சோயேட்டைப் பயன்படுத்துகிறோம், 200 மி.கி. மெட்ரோனிடசோலுக்கு ஈடாக ஏறத்தாழ 320 மி.கி. பென்சோயேட் சேர்க்க வேண்டும். கணக்கில் இந்த மாற்றத்தை மறப்பது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

மார்த்தாண்டத்திலிருந்து மருந்துக்கடை உரிமையாளர்: பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, மருந்து கெட்டுப்போய்விட்டது என்று வாடிக்கையாளர்கள் திருப்பித் தருகிறார்கள். உண்மையிலேயே கெட்டதா இல்லையா என்று எப்படிக் கண்டுகொள்வது?

படிவது கேடு அன்று. படிந்தது மீண்டும் எழாமல் இருப்பதுதான் கேடு. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் இந்தத் துறையின் பாதி விளங்கிவிடும்.

நம் வீடுகளில் கூவைக்கிழங்கை அரைத்துத் துணியில் பிழிந்து மாவு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூவை மாவின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே, மெதுவாக இறங்குகின்றன. மேல் நீர் வெகுநேரம் பால் போலவே இருக்கும். ஆனால் மறுநாள் பார்த்தால் அடியில் கல் போல் இறுகிய கட்டி இருக்கும், கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க முடியும். தனித்தனியே இறங்கும் துகள்கள் இடைவெளியின்றி அடுக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். மோரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் திரள்கள் விரைவாகவே கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கிறது. ஆனால் பாத்திரத்தை ஒருமுறை சுழற்றினால் உடனே கலந்துவிடுகிறது, ஏனெனில் அந்தத் திரள்கள் பஞ்சைப் போல் தளர்வானவை, இடையிடையே நீரைப் பிடித்து வைத்திருப்பவை.

நல்ல சஸ்பென்ஷன் மோரின் குணத்தைக் கொண்டிருக்க வேண்டும், கூவை மாவின் குணத்தை அன்று. பார்வைக்கு அழகாக, நாள்கணக்கில் ஒரே வெண்மையாக நிற்கும் பாட்டிலைவிட, சிறிது தெளிநீர் மேலே பிரிந்து நின்றாலும் குலுக்கியவுடன் கலந்துவிடும் பாட்டிலையே நான் நம்புவேன். படிவின் கன அளவை மொத்தக் கன அளவால் வகுத்துப் பார்க்கும் வழக்கம் ஆய்வகத்தில் உண்டு. அந்த எண் 1-ஐ நெருங்க நெருங்க நல்லது.

நீங்கள் கடையில் செய்யக்கூடியது எளிது. பாட்டிலைத் திறக்காமல் தலைகீழாகக் கவிழ்த்துப் பத்துப் பதினைந்து முறை நன்றாகக் குலுக்குங்கள். பிறகு வெளிச்சத்தில் அடிப்பகுதியைப் பாருங்கள். அடியில் எதுவும் ஒட்டியிராமல், கட்டிகள் மிதக்காமல் இருந்தால், காலாவதி நாளும் கடக்காதிருந்தால், அதைத் தயக்கமின்றித் தரலாம். குலுக்கிய பின்னும் தட்டையான வெள்ளைப் படலம் அடியில் ஒட்டியே நின்றாலோ, நிறமோ மணமோ மாறியிருந்தாலோ, மூடி உப்பியிருந்தாலோ விற்க வேண்டாம். தொகுதி எண்ணைக் குறித்து விநியோகஸ்தருக்குத் திருப்பியனுப்புங்கள். தகரக் கூரையின் கீழுள்ள மேல்தட்டில் இந்த மருந்தை அடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

அதே மாணவரின் நண்பர், குழித்துறை: ஆய்வகத்தில் நாங்கள் செய்த அல்பெண்டசோல் தூள் தண்ணீரின் மேலேயே மிதந்தது, நனைப்பானாகிய பாலிசார்பேட் 80-ஐ அதிகம் சேர்த்ததும் அழகாகக் கலந்தது, ஆனால் இரண்டு வாரத்தில் அடியில் இறுகிவிட்டது. எங்கே தவறினோம்?

இதே தவற்றை நானும் என் பணியின் தொடக்கத்தில், ஒரு நிறுவனத்தில் செய்திருக்கிறேன். கலவை பளபளப்பாக இருக்கிறதே என்று மகிழ்ந்து நனைப்பானைக் கூட்டினேன். மூன்று மாதம் கழித்து, வைப்பறையிலிருந்த மாதிரி பாட்டில்கள் ஒவ்வொன்றின் அடியிலும் கூவை மாவைப் போன்ற கட்டி இருந்தது. அந்தத் தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று. அந்த நாளை நான் மறக்கவில்லை.

நீர் ஒட்டாத தூளின் மேற்பரப்பிலுள்ள காற்றை விரட்டி, நீரை ஒட்டச் செய்வதற்குத்தான் நனைப்பான். அதற்கு மிகச் சிறிய அளவே போதும், 0.1 சதவீதத்திலிருந்து தொடங்கி, தூள் மிதக்காமல் அமிழும் அளவில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் சேர்த்தால் ஒவ்வொரு துகளும் தனித்தனியே போர்த்தப்பட்டு, திரள் உண்டாவது நின்றுவிடுகிறது. இன்னொரு மறைவான தீமையும் உண்டு: மிகுதியான பாலிசார்பேட் தன் நுண்திரள்களுக்குள் மருந்து கெடாமல் காக்கச் சேர்க்கும் பாரபென்களை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அப்போது ஆய்வில் மெத்தில்பாரபென் முழு அளவு காட்டினாலும், கிருமியைத் தடுக்க நீரில் விடுதலையாக இருப்பது குறைவு. இரண்டு பருவமழைகளும் பெய்து ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும் நம் மாவட்டத்தில், திறந்த பாட்டிலில் பூஞ்சை வருவதற்கு இது போதும்.

சேர்க்கும் வரிசையும் முக்கியம். தூளை முதலில் கிளிசரினும் நனைப்பானும் சேர்த்துக் களிம்பு போல் அரையுங்கள். திரவத்தைக் கெட்டியாக்கும் பசையான சாந்தன் கம்மை நேரடியாக நீரில் தூவினால் மீன்கண் போன்ற கட்டிகள் விழும். அதை இன்னொரு பங்கு கிளிசரினில் கலந்து, பின் சுழலும் நீரில் ஊற்றி, முழுதும் ஊறும்வரை விட்டுவையுங்கள். 0.2 முதல் 0.5 சதவீதத்துக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். சாந்தன் கம்மின் சிறப்பு என்னவென்றால், அசையாமல் நிற்கும்போது கெட்டியாகித் துகளைத் தாங்குகிறது, குலுக்கும்போது இளகி ஊற்ற இடம் கொடுக்கிறது. வெறுமனே பாகுத்தன்மையை மட்டும் ஏற்றிப் படிவதைத் தடுக்க முயன்றால், பாட்டிலின் கழுத்திலிருந்து மருந்து இறங்காது.

துகளின் அளவைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டோக்ஸ் விதிப்படி இறங்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 மைக்ரான் துகளை 5 மைக்ரானாக அரைத்தால் வேகம் நான்கில் ஒன்றாகிவிடும். ஆனால் அளவுக்கு மீறி அரைத்தால் அடுத்த கேள்வியில் சொல்லப்படும் சிக்கல் வரும்.

கருங்கலிலிருந்து ஒரு வாசகர்: தொடக்கத்தில் மென்மையாக இருந்த மருந்து சில மாதங்களில் நாவில் மணல் போல் உறுத்துகிறதே, ஏன்?

படிகம் வளர்ந்துவிட்டது. மிகச் சிறிய துகள்கள் பெரியவற்றைவிடச் சற்று எளிதாகக் கரையும். பகலில் தகரக் கூரையின் கீழ் பாட்டில் சூடாகும்போது சிறியவை கரைகின்றன; இரவில் குளிரும்போது கரைந்தது பெரியவற்றின் மேல் படிகிறது. நாள்தோறும் இது நடந்தால் சிறியவை மறைந்து பெரியவை மட்டும் எஞ்சும். மிக நுண்ணிய தூளும் பெரிய துகளும் கலந்திருந்தால் இது விரைவுபடும். ஆகவே துகள்கள் சிறியவையாக இருப்பதோடு ஒரே அளவினவாகவும் இருக்க வேண்டும்.

மெட்ரோனிடசோல் பென்சோயேட்டில் காரணம் வேறு. அதன் நீரற்ற வடிவம், 38 டிகிரி செல்சியசுக்குக் கீழ் தண்ணீரில் கிடந்தால், நீரை ஏற்று மோனோஹைட்ரேட்டாக மாறிப் பெரிய படிகங்களாக வளரும். இன்னொரு குடற்புழு மருந்தான மெபெண்டசோலில் இதைவிட நுட்பமான ஆபத்து இருக்கிறது: அதற்கு ஏ, பி, சி என மூன்று படிக வடிவங்கள் உண்டு, சி வடிவமே மருந்தாக விரும்பப்படுவது, ஏ வடிவம் புழுக்களின் மேல் மிகவும் வலுக்குறைந்தது. வழக்கமான அளவறி சோதனையில் இரண்டும் நூறு சதவீதம் என்றே காட்டும் என்பதால், அகச்சிவப்பு நிறமாலையோ எக்ஸ்-கதிர் ஆய்வோ இல்லாமல் இந்த மாற்றத்தைக் காண முடியாது.

குளச்சலிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு ஒன்றரை வயது. 10 மி.லி. பாட்டிலில் பாதி கொடுக்கச் சொன்னார்கள். மீதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், அம்மா. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 200 மி.கி., அதாவது 5 மி.லி. என்பதே வழக்கமான அளவு; அடுத்த முறைக்கு ஆறு மாதம் இருக்கிறது, திறந்த பாட்டில் அவ்வளவு காலம் இருக்கக்கூடாது. நன்றாகக் குலுக்கிய பின், அளவுக் கோடிட்ட மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் தெளிநீர்தான் மகனுக்குப் போகும், மருந்து பாட்டிலிலேயே தங்கிவிடும்.

அருமனையிலிருந்து செவிலியர்: திரவம் இல்லாதபோது மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து வைத்துக்கொள்ளலாமா?

பொடிக்கலாம், சிறு குழந்தைகளுக்கு முழு மாத்திரை தொண்டையில் சிக்கும் என்பதால் இரண்டு கரண்டிகளுக்கிடையே நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுப்பதே முறை. ஆனால் உடனே கொடுத்துவிட வேண்டும். மார்த்தாண்டம் தேன் எவ்வளவு நல்லதானாலும், அதில் குழைத்து வைத்த கலவையில் மருந்து சீராக நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து, சிறிய உற்பத்திக்கூடம் தொடங்க விரும்புபவர்: மூலப்பொருள்களில் எதை மிகவும் கவனிக்க வேண்டும்?

கிளிசரின், புரோபிலீன் கிளைக்கால், சார்பிட்டால் கரைசல் ஆகிய மூன்றையும். இவற்றில் நச்சுப்பொருளான டைஎத்திலீன் கிளைக்கால் கலந்ததால் குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்து இறந்த நிகழ்ச்சிகள் மீண்டும் மீண்டும் நேர்ந்துள்ளன. 1937-இல் அமெரிக்காவில் அதையே கரைப்பானாகக் கொண்ட ஒரு சல்பா திரவ மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2022-இல் காம்பியாவில் பல குழந்தைகள் மாண்டனர். எத்திலீன் கிளைக்காலும் டைஎத்திலீன் கிளைக்காலும் 0.10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. விற்பவரின் சான்றிதழை மட்டும் நம்பாமல், வந்திறங்கும் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்து வாயுநிறச்சாரல் (கேஸ் குரோமட்டோகிராஃபி) முறையில் சோதியுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், வசதி வரும்வரை உற்பத்தியைத் தொடங்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தோவாளையிலிருந்து ஆடு வளர்ப்பவர்: ஒரு லிட்டர் பாட்டிலில் வரும் 2.5 சதவீத அல்பெண்டசோலை எல்லா ஆடுகளுக்கும் கொடுத்தேன். முதலில் கொடுத்த ஆடுகளுக்குப் பலனே இல்லை. மருந்து போலியா?

போலியாக இருக்க வேண்டிய தேவை இல்லை. 2.5 சதவீதம் என்றால் ஒரு மி.லி.யில் 25 மி.கி.; கால்நடை மருத்துவர் கிலோவுக்கு 7.5 மி.கி. என்று சொல்லியிருந்தால் 20 கிலோ ஆட்டுக்கு 6 மி.லி. தேவை. பாட்டிலை ஒருமுறை மட்டும் லேசாக அசைத்துவிட்டுத் தொடங்கியிருந்தால், மேல்பகுதியை வாங்கிய ஆடுகளுக்கு மருந்து குறைவாகவும், அடிப்பகுதியை வாங்கியவற்றுக்கு மிகுதியாகவும் போயிருக்கும். குறைந்த அளவு வாங்கிய ஆட்டில், மருந்தைத் தாங்கும் புழுக்கள் மட்டும் உயிர்பிழைத்துப் பெருகுகின்றன. இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழுக்கள் இந்த மருந்துக் குடும்பத்துக்குப் பல நாடுகளில் பணியாமல் போனதற்குக் குறை அளவும் ஒரு காரணம். எனவே புழுக்கள் ஏற்கெனவே மருந்தைத் தாங்கத் தொடங்கிவிட்டனவா என்பதை அறிய, மருந்து கொடுத்துப் பத்துப் பதினான்கு நாள் கழித்துச் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டி முட்டை எண்ணிக்கை பாருங்கள்.

அடுத்த முறை மருந்தை வேறு பாத்திரத்தில் ஊற்றி வைக்காமல், பாட்டிலிலிருந்தே எடுத்து, ஐந்தாறு ஆடுகளுக்கு ஒருமுறை மூடியை இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள். சினையின் முதல் மாதத்தில் இருக்கும் ஆடுகளைத் தனியே கட்டிவிடுங்கள். இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது, அவற்றுக்கு என்ன கொடுப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.