பாரிட்டு, ஆறு, முகத்துவாரம்: மூன்றுக்கும் ஒரே ரீல் போதுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் தங்கியிருக்கும் நீங்கள், தோட்டத்துப் பாரிட்டில் (வடிகால் கால்வாயில்) ஹாருவான் (விரால் மீன்), பெர்ணம் ஆற்றில் ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்), முகத்துவாரத்தில் சியாக்காப் (கொடுவா மீன்) ஆகிய மூன்றையும் பிடிக்க 4000 எண் ஸ்பின்னிங் ரீல் ஒன்றே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே வட்டாரத்தில் தூண்டில் போடுபவன் என்பதால் நேராகச் சொல்கிறேன்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 4000 வேண்டாம், அதைவிடச் சிறிய 2500 வாங்குங்கள். இரண்டு வாங்க முடியும் என்றால் விடை வேறு.

கடையில் பெரும்பாலோர் மீனின் அளவைச் சொல்லி ரீல் கேட்கிறார்கள். என் கருத்தில், முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் எறியப்போகும் எடை. மீனின் அளவு அதற்குப் பிறகுதான். ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் (நூல் சுற்றிய உருளை) சுழலாமல் நிற்க, நரம்பு, அதாவது தூண்டில் நூல், அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று போவதால், சில கிராம் எடையுள்ள இரைகூட நரம்பை எளிதாக இழுத்துச் செல்லும். 1905-இல் இங்கிலாந்தின் ஆல்ஃப்ரெட் இல்லிங்வொர்த் காப்புரிமை பெற்ற அமைப்பின் அடிப்படையும் இதுவே. பேட்காஸ்டிங் ரீலிலோ எறியப்படும் எடைதான் ஸ்பூலையே சுழற்ற வேண்டும். எடை போதாவிட்டால் தூரம் போகாது. இரையின் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் சுழன்றுகொண்டே இருந்தால் நரம்பு சிக்கிக்கொள்ளும். காந்தப் பிரேக்கும் மையவிலக்குப் பிரேக்கும் இதைக் குறைக்குமே தவிர, ஸ்பூல்மேல் கட்டைவிரலை வைத்துப் பழகாதவருக்கு அவை முழுத் தீர்வு அல்ல.

இதை மனத்தில் வைத்துப் பாரிட்டைப் பாருங்கள். செம்பனை வரிசைகளுக்கு இடையே ஓடும் பாரிட்டு குறுகலானது. புல்லும் ஆகாயத்தாமரையும் அடைத்திருக்கும். அங்கே ஹாருவானுக்கு எறியும் ரப்பர் தவளைக்கு ஓரளவு நல்ல எடை உண்டு, தூரமும் அதிகம் தேவையில்லை, ஆனால் மீன் கவ்விய மறுகணமே அதைப் புல்லுக்குள் புக விடாமல் இழுத்துவிட வேண்டும். பேட்காஸ்டிங் ரீலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்பேன்: விரலால் ஸ்பூலை அழுத்தித் தவளையை நினைத்த இடத்தில் இறக்கலாம், 7:1 போன்ற உயர்ந்த பல்சக்கர விகிதம் (கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் ஏழு சுற்றுச் சுற்றும்) தளர்ந்த நரம்பை விரைவில் சுருட்டும், 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பைப் போட்டு, டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) நன்றாக இறுக்கிவிடலாம். 2500 ஸ்பின்னிங்கிலும் இதைச் செய்ய முடியும், அடர்ந்த புல்லில் மட்டும் கை கொஞ்சம் திணறும்.

ஊடாங் காலாவுக்கு நேர்மாறான குணம் வேண்டும். அது இரையைக் கவ்வியவுடன் விழுங்குவதில்லை. கொடுக்கால் பற்றி, சற்று நகர்த்திக்கொண்டுபோய், பிறகே வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் நரம்பு தடங்கலின்றி வெளியேற வேண்டும் என்பதால், டிராக்கின் வலிமையை விட, தளர்த்தி வைத்தாலும் வெட்டாமல் சீராக விடுகிறதா என்பதே முக்கியம். 1000 முதல் 2500 வரை எதுவும் சரி. நீரோட்டத்துக்கு ஏற்ப ஈயக்குண்டை மாற்றினால் போதும். ரீலை மாற்ற வேண்டியதில்லை.

முகத்துவாரத்தில்தான் 4000-க்கு வேலை இருக்கிறது. கனமான ஈயக்குண்டு, நீண்ட எறி, கண்டல் வேரை நோக்கி ஓடும் சியாக்காப், இவற்றோடு உப்பு நீர். ஆனாலும் 2500-இல் கூடுதல் ஸ்பூல் ஒன்றை வாங்கி, அதில் 20 பவுண்டு பின்னல் நரம்பைச் சுற்றிக்கொண்டால், அந்த நரம்பு மெல்லியது என்பதால் வேண்டிய நீளம் அடங்கிவிடும். அடியில் சில சுற்றுத் தங்கூசியை (ஒற்றை இழை நைலான் நரம்பை) சுற்றிவிட்டே அதன்மேல் பின்னலைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் முழு நரம்பும் ஸ்பூலில் வழுக்கும். டிராக்கை நரம்பின் தாங்குதிறனில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 20 பவுண்டுக்கு 5 முதல் 7 பவுண்டு வரை, தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்து வையுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட எண்களுக்கு மயங்காதீர்கள். 2500, 4000 என்பவற்றுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் 2500 இன்னொன்றின் 3000 அளவுக்குப் பெரிதாக இருக்கலாம். பேரிங் எண்ணிக்கை கூடுவதாலேயே தரம் கூடிவிடாது, உப்பு நீரில் துருப்பிடிக்காத நான்கு, துருப்பிடிக்கும் பத்தைவிட மேல். வெளிநாட்டுத் தயாரிப்புதான் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் பல ரீல்களில் மலேசியாவில் செய்யப்பட்டது என்றே முத்திரை இருக்கிறது.

மின்சார ரீல் ஆழ்கடலுக்கானது. உங்களுக்கு அது தேவையே இல்லை. இரண்டு வாங்க வசதி வந்தால் பாரிட்டுக்கு ஒரு பேட்காஸ்டிங், மற்ற இரண்டுக்கும் 3000 எண் ஸ்பின்னிங் என்று வையுங்கள். முகத்துவாரத்திலிருந்து திரும்பிய அன்றே, நீர் உள்ளே புகாதபடி டிராக்கை இறுக்கிக்கொண்டு நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவி, காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வைத்துவிடுங்கள்.