அனாட்டமிக்குப் பயந்து பிசியோதெரபியை விட வேண்டாம்

வணக்கம் ஐயா. தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்த உங்கள் மகள், பிசியோதெரபி பட்டப்படிப்பான பி.பி.டி.யில் சேர்ந்த ஒரு மாதத்திலேயே "ஒரு வார்த்தையும் புரியவில்லை, டி.சி. வாங்கிவிடலாம்" என்று அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அனாட்டமி என்ற உடற்கூறியல் பாடத்தில் அவரைப் பயமுறுத்தும் சொற்களில் பெரும்பாலானவை லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கில மீடியத்தில் படித்த பிள்ளைக்கும் அவை புதிதுதான். இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: ஃபிபுலா. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். கனமானது டிபியா, அதன் வெளிப்புறமாக ஒல்லியாக இறங்குவது ஃபிபுலா. ரோமானியர்கள் மேலாடையைத் தோளில் குத்தி மாட்டிய ஊக்குக்கு லத்தீனில் ஃபிபுலா என்று பெயர். இப்போது புத்தகத்தில் கால் எலும்புப் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: டிபியா ஊக்கின் உடல், ஃபிபுலா அதன் ஊசி. மகளைத் தன் காலையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தட்டுப்படும் சிறு முண்டு ஃபிபுலாவின் தலை. வெளிக்கணுக்காலில் துருத்தி நிற்பது அதன் கீழ்முனை.

அப்புறம், மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. அந்தத் தலைக்குக் கீழே எலும்பைச் சுற்றி வரும் நரம்பை ஒரு புத்தகம் ஃபிபுலர் நரம்பு என்னும், இன்னொன்று பெரோனியல் நரம்பு என்னும். இரண்டும் ஒன்றேதான். பெரோனே என்பது அதே ஊக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 1998இல் வந்த சர்வதேச உடற்கூறியல் சொற்பட்டியல் ஃபிபுலர் என்பதை முதலில் வைத்தது. ஆனால் ஆஸ்பத்திரிகளில் பெரோனியல் இன்னும் புழங்குகிறது. பெரினியல் என்பது வேறு, அது இடுப்பின் அடிப்பகுதி சம்பந்தப்பட்டது. ஓர் எழுத்து மாறினால் இடமே மாறிவிடும். ஃபிபுலர் நரம்பு அடிபட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போகும். அந்த நோயாளியை நடக்கவைக்கும் வேலைக்குத்தான் உங்கள் மகள் படிக்கிறார்.

சொல்லின் பிறப்பு தெரிந்தால் மட்டும் மார்க் வந்துவிடாது. எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்பதை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ஆனால் பொருள் தெரிந்த சொல் மனதில் ஒட்டும். தினமும் நாலைந்து சொல் போதும். நோட்டில் படம், பக்கத்தில் சொல், அதன் பழைய பொருள், தமிழில் ஒரு வரி. கல்லூரி நூலகத்தில் இருக்கும் மருத்துவ அகராதியில் மூலச்சொல் கிடைக்கும். சீனியர்களிடம் போன் செட் (படிப்பதற்கான எலும்புத் தொகுப்பு) இருந்தால் வாங்கி, எலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நாக்கு புரள வேண்டுமே!

இந்த வாரம் டி.சி. கேட்டு யாரும் கல்லூரிக்குப் போக வேண்டாம். கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வு முடியட்டும். அந்த விடைத்தாளோடு மகளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள்.