பழைய வீடியோ கேசட்டை டிவிடியாக மாற்ற ஸ்டுடியோவில் கொடுக்கலாமா, வீட்டிலேயே செய்யலாமா?

இரண்டையும் செய்து பார்த்தவன், இரண்டிலும் கொஞ்சம் அடிபட்டவன் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுப் பரணில் ஏழு விஎச்எஸ் கேசட்டுகள் கிடந்தன. சின்ன அத்தை கல்யாணம் இரண்டு, அக்கா சடங்கு ஒன்று, மற்றதெல்லாம் யாரோ எப்போதோ எடுத்தது. முதலில் கல்யாணக் கேசட் இரண்டையும் பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்தேன். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் ஓடும், கேசட்டுக்கு ஒரு டிவிடி என்று அடக்கிக் கொடுத்துவிட்டார்கள். சாதாரண டிவிடி 4.7 ஜிபிதான், அதில் இரண்டு மணி நேரம் வரைக்கும் படம் பரவாயில்லாமல் இருக்கும், மூன்று மணி நேரத்தைத் திணித்தால் யாராவது வேகமாக நடந்தாலே முகம் கட்டம் கட்டமாக உடையும். அதைவிடப் பெரிய கூத்து, ஆறு வருஷம் கழித்து அதில் ஒரு டிவிடி எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. முப்பது வருஷக் கேசட் ஓடுகிறது, ஆறு வருஷ டிவிடி ஓடவில்லை!

அதனால் ஸ்டுடியோவில் கொடுப்பதானால் டிவிடி மட்டும் போதும் என்று விட்டுவிடாமல், ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் பதிவான கோப்பை அப்படியே அதில் போட்டுத் தரச் சொல்லுங்கள். டிவிடி வேண்டுமென்றால் அந்தக் கோப்பிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

மீதி ஐந்தையும் நானே செய்தேன். கேசட்டை ஓட்டும் டெக் (விசிஆர்) கிடைப்பதுதான் பெரிய பாடு. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியதோடு புது டெக் என்ற பேச்சே முடிந்துவிட்டது, இனி கிடைப்பதெல்லாம் பழசுதான். வாங்கியதும் அருமையான கேசட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே பெல்ட் தளர்ந்திருந்தால் டேப்பைச் சுருட்டிக் கடித்துவிடும். போனால் போகட்டும் என்கிற ஒரு சினிமா கேசட்டைப் போட்டுச் சோதித்த பிறகு மற்றதைப் போடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கேசட்டின் கண்ணாடி வழியாக உள்ளே சுற்றியிருக்கும் டேப்பின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக மாவு படிந்ததுபோல் இருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பரணில் கிடக்கும் கேசட்டில் இது சாதாரணம். அதை அப்படியே ஓட்டினால் டேப்பைப் படிக்கும் டெக்கின் ஹெட்டில் அப்பி, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். என்னிடம் ஒன்று அப்படித்தான் இருந்தது. அதை நான் தொடவில்லை, ஐந்து திருகாணியைக் கழற்றி டேப்பைத் துடைத்துத் தரும் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொடுத்தேன். உள்ளே கால் கிலோமீட்டருக்கு மேல் டேப் இருக்கிறது என்று அவர் மேசையில் பார்த்தபோதுதான் உறைத்தது. இன்னொன்று, கேசட்டின் முதுகில் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் தகடு இருந்தால் உடைத்துவிடுங்கள், தெரியாமல் ரெக்கார்ட் பொத்தான் அமுங்கினாலும் அழியாது.

சரி, டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைக் கணினியில் செருகும் கேப்சர் கருவியோடு இணைத்தால் பதிவு தொடங்கிவிடலாம். நம் ஊரில் எடுத்தது என்றால் பால் (PAL) என்ற வீடியோ முறை, பதிவு செய்யும்போது 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம் என்று வையுங்கள். அமெரிக்கா, கனடா சொந்தக்காரர்கள் அனுப்பிய கேசட் என்றால் அது என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை, சில டெக்குகளில் படம் கறுப்பு வெள்ளையாக உருளும், கேசட் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிடாதீர்கள். ஆட்கள் கை அசைக்கும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போட்டால் சரியாகும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. அந்த நேரத்தில் கணினியில் வேறு எதையும் ஓட்டாதீர்கள், இடையில் படங்கள் விட்டுப்போனால் உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால், கல்யாணக் கேசட்டை அல்ல என்பேன். அதில் ஸ்டுடியோக்காரர்கள் தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருப்பார்கள், மணமக்கள் இதய வடிவத்துக்குள் மிதப்பார்கள், யார் பேசுவதும் கேட்காது. அக்கா சடங்குக் கேசட்டை மிக்ஸிங் செய்யக் காசில்லாமல் அப்படியே வாங்கி வைத்திருந்தார்கள். அதில், லைட் பிடித்து நிற்கும் பையனைப் பார்த்து, "ஏப்பா, கண்ணு கூசுது, அங்கிட்டுத் திருப்பு" என்று அப்பத்தா அதட்டுகிறார். அவர் குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை. அதைப் பதிவு செய்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன், கேசட்டையும் தூக்கிப் போடவில்லை, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.