டிக்ஸ் பாடநூல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணினி அறிவியல் கடைசி வருடம் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் மனித-கணினி ஊடாட்டம், அதாவது மனிதர் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார், அதற்கேற்ப அதை எப்படி வடிவமைப்பது என்பது, ஒரு பாடம். ஆலன் டிக்ஸ், ஜேனட் ஃபின்லே, கிரெகரி அபௌட், ரஸ்ஸல் பீல் நால்வரும் எழுதிய ‘ஹியூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன்’ நூலின் மூன்றாம் பதிப்பைப் பாடநூலாக வைத்திருக்கிறார்கள். எண்ணூறு பக்கத்துக்கு மேல் போகிறது. இன்றைய தொடுதிரை ஃபோன்களைப் பற்றி எதுவுமே இல்லை. பிற்பகுதி முழுக்கக் குறியீடுகளும் வரைபடங்களும்தான். என் நண்பர்கள் டிசைன் மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொண்டு போர்ட்ஃபோலியோ தயாரிக்கிறார்கள். இந்தப் புத்தகத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு நானும் அந்தப் பக்கம் போய்விடலாமா?

ம.

அன்புள்ள ம.,

புத்தகம் பழையது என்பது உண்மை. முதல் பதிப்பு 1993-ல் வந்தது. உங்கள் கையில் இருப்பது 2003-04 வாக்கில் வந்த பதிப்பு. ஐபோன் வந்ததே 2007-ல்தான். ஆகவே கருவிகளைப் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிடுங்கள். இணையத்தைப் பற்றிய கடைசி அத்தியாயமும் அப்படியே. ஆனால் முதல் அத்தியாயத்தை அப்படிக் கடந்துவிட வேண்டாம். அதன் பொருள் மனிதன். நம் நினைவும் கவனமும் இருபது ஆண்டுகளில் மாறிவிடவில்லை.

அங்கே ஏடிஎம் பற்றி ஒரு சிறு பகுதி வரும். ஆரம்பகால இயந்திரங்கள் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் அட்டையைத் திருப்பித் தந்தன. நிறையப் பேர் அட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். வந்த காரியம் பணம் எடுப்பது. அது முடிந்ததும் மனம் அந்த வேலையை மூடிவிடுகிறது, மிச்சமிருக்கும் படி நினைவில் நிற்பதில்லை. அட்டையை எடுத்தால்தான் பணம் வரும் என்று வரிசையை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. மறக்காதீர்கள் என்று அறிவிப்புப் பலகை வைப்பதைவிட இது எவ்வளவு மேல் என்று பாருங்கள். மின்னஞ்சலை எழுதி முடித்து, கோப்பை இணைக்காமலே அனுப்பிவிடுகிறோமே, அதற்கும் காரணம் இதுதான். உங்கள் நண்பர்களின் போர்ட்ஃபோலியோவில் இருக்கும் ஏதாவது ஒரு திரையை எடுத்து, பயனரின் காரியம் எந்த இடத்தில் முடிகிறது, அதற்குப் பிறகு அவரிடம் இன்னும் என்ன கேட்கப்படுகிறது என்று பாருங்கள். இந்தக் கேள்வி எந்த டிசைன் மென்பொருளின் மெனுவிலும் இல்லை.

ஃபிட்ஸ் விதியும் அப்படித்தான். 1954-ல், மவுஸ் வருவதற்கு முன்பே வந்த விதி அது. ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், அதன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது. மவுஸில் திரையின் ஓரம் மிக வேகமான இடம், ஏனென்றால் சுட்டி அங்கே போய் முட்டி நின்றுவிடும். விரலை எதுவும் நிறுத்தாது, போதாததற்கு இலக்கையே அது மறைத்துக்கொள்ளும். புத்தகம் சொல்லாத இந்த வித்தியாசத்தை விதியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே கண்டுபிடிக்கலாம். பழைய நூலில் விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும் வழியும் அந்த நூலிலேயே கிடைக்கிறது.

நீங்கள் அலுத்துக்கொள்ளும் பிற்பகுதிக்கு வருகிறேன். எனக்கு இந்த நூலில் மிகப் பிடித்தது அதுதான். 12-ஆம் அத்தியாயத்தில், ஒரு வேலையை முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே கணிக்கும் விசை அழுத்த மாதிரி வருகிறது. கார்ட், மோரன், நியூவெல் மூவரும் 1980-ல் வெளியிட்டது. தேர்ந்த தட்டச்சாளருக்கு ஒரு விசைக்கு 0.2 விநாடி, சுட்டியை நகர்த்த 1.1, மனம் தயாராக 1.35 என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போவது. பார்த்தால் கணக்குப்பிள்ளை வேலை போலத் தோன்றும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முறை என்ன செய்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். அமெரிக்காவில் நைனெக்ஸ் தொலைபேசி நிறுவனம் தன் ஆபரேட்டர்களுக்குப் புதிய கணினி முனையங்களை வாங்க எண்ணியது. திரை சீக்கிரம் வரும், அழுத்த வேண்டிய விசைகளும் குறைவு. வேகம் கூடும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். வேய்ன் கிரே, போனி ஜான், மைக்கேல் அட்வுட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கணக்குப் போட்டு, புதியது சற்று மெதுவாகத்தான் இருக்கும் என்றார்கள். கள சோதனையிலும் அப்படியே ஆனது, சுமார் 4 விழுக்காடு மெதுவு. காரணம் அழகானது. குறைத்த விசைகள், ஆபரேட்டர் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அழுத்தி முடித்துவிடுபவை. அவற்றை நீக்கியதால் நேரம் மிச்சமாகவில்லை. பேச்சு முடிந்த பிறகு அழுத்த வேண்டியதாக வந்து சேர்ந்த விசையோ ஒவ்வொரு அழைப்பையும் நீட்டியது. 1993-ல் இந்த ஆய்வு வெளியானது. திரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

16-ஆம் அத்தியாயத்தின் நிலை வரைபடங்களும் அதே ரகம். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு செயலியை எடுத்து, ஒவ்வொரு திரையையும் ஒரு வட்டமாகப் போட்டு, எந்த பட்டன் எங்கே கொண்டுபோகிறது என்று அம்புக்குறி வரையுங்கள். வெளியேற வழியே இல்லாத வட்டம் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு அதிகம். இணையத் தொடர்பு அறுந்தால் எங்கே போகும் என்பதற்கு அம்பே இருக்காது.

குறைகளும் உண்டு. அத்தியாயங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை, நால்வர் எழுதியது தெரிகிறது. மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள் பற்றிய பேச்சுக்குத் தனி இடம் 10-ஆம் அத்தியாயத்தில்தான் கிடைக்கிறது. அது முதல் பக்கங்களிலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மனிதரை ஏமாற்றவும் விடாமல் பிடித்துவைக்கவும் திட்டமிட்டே செய்யப்படும் இடைமுகங்களைப் பற்றி இதில் தேடாதீர்கள். பயனர்களைச் சந்திப்பது, பேட்டி எடுப்பது போன்ற கள வேலைக்கு பிரீஸ், ரோஜர்ஸ், ஷார்ப் எழுதிய ‘இன்டராக்‌ஷன் டிசைன்’ மேலானது, அதற்குப் புதிய பதிப்புகளும் வந்திருக்கின்றன.

டிசைன் மென்பொருளையும் கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்கு அது தேவை. ஆனால் இந்த நூலைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். “வகைகளை எழுதி விளக்குக” என்ற கேள்விக்காகப் படித்தால் இது வெறும் பட்டியலாகிவிடும். 1, 5, 9 மூன்றையும் முதலில் படியுங்கள். பிறகு 15, 16. அதன் பிறகு 12. ஒவ்வொன்றையும் முடித்ததும் நிஜமான ஒரு திரையில் சோதித்துப் பாருங்கள். 9-ஆம் அத்தியாயம் மதிப்பீட்டு முறைகள் பற்றியது. அதைப் படிக்கும் வாரத்தில், நீங்கள் செய்த எதையாவது கணினிப் பழக்கம் இல்லாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்.