தடித்த தழும்பும் வரித்தழும்பும்: உங்கள் கேள்விகள்

தோல் மருத்துவம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் காதுமடல் கட்டியும் பிரசவ வரியும்தான். போட்டோ அனுப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை: போட்டோவில் நிறம் தெரியும், கடினம் தெரியாது. தொட்டுப் பார்க்கிற டாக்டர் ஒருவர் உங்களுக்கு எப்படியும் வேண்டும்.

மகளுக்கு 19 வயது. காதில் இரண்டாவது தோடு குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவில் கட்டி வந்தது. ஒரு கிளினிக்கில் வெட்டி எடுத்தோம். எட்டே மாதத்தில் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. மறுபடி வெட்டலாமா, மேடம்?

வெறுமனே வெட்டினால் மறுபடியும் இதே கதைதான். இதன் பெயர் கெலாய்டு. காயம் ஆறியதும் நிற்க வேண்டிய கொலாஜன் (தோலைத் தாங்கும் நார்ப் புரதம்) உற்பத்தி நிற்காமல், காயத்தின் எல்லையைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே போவது. வெட்டுவதும் அந்தத் தோலுக்கு இன்னொரு காயம்தானே? வெட்டியதோடு விட்டுவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ திரும்ப வந்துவிடும்.

வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை. வெட்டினால் கூடவே காவல் போட வேண்டும். தையல் போட்ட இடத்தில் மாதாமாதம் ஸ்டீராய்டு ஊசி, காதுமடலை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கிளிப், எதற்கும் அடங்காததற்கு வெட்டிய ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சு. 19 வயதுப் பெண்ணுக்குக் கதிர்வீச்சை நான் முதலில் நினைக்க மாட்டேன். ஊசியில் தொடங்குங்கள். அப்புறம், அந்தக் காதிலோ மறு காதிலோ இன்னொரு துளை வேண்டவே வேண்டாம்.

அந்த ஊசி ரொம்ப வலிக்குமாமே?

வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். மருந்து ட்ரையாம்சினலோன். முதல் தடவை கட்டி பள்ளிக்கூட ரப்பர் மாதிரி கெட்டியாக இருக்கும், மருந்து உள்ளே போகவே போகாது. சாதாரண சிரிஞ்சில் அழுத்தினால் ஊசி கழன்று மருந்து என் கண்ணாடியில் தெறிக்கும். அதனால் ஊசி கழலாத இன்சுலின் சிரிஞ்சில் எடுத்துக்கொள்வேன். கட்டைவிரலால் பலமாக அழுத்த அழுத்த, கட்டி ஓரத்திலிருந்து மெல்ல வெளுக்கும். வெளுத்தால் மருந்து சரியான இடத்தில் இறங்குகிறது என்று அர்த்தம்.

நான்கு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாலைந்து முறையாவது போட வேண்டியிருக்கும். மூன்றாவது தடவை ஊசி சுலபமாக இறங்கும். குணமாகத் தொடங்கிவிட்டது என்பது உங்களுக்கு முன்னால் என் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும்! மருந்து அதிகமானால் அந்த இடம் குழிந்து வெளுத்துப்போகலாம். பெண்களுக்கு ஒரு மாதம் தீட்டு முன்பின்னாகலாம். ஊசிக்கு மட்டும் அடங்காவிட்டால் ஃபைவ் எஃப்யூ என்ற மருந்தைச் சேர்த்துப் போடுவோம், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் உண்டு. ஆனால் நம் மாநிறத்தில் அது வெள்ளைத் திட்டை விட்டுவிடும்.

சிசேரியன் ஆகி ஐந்து மாதம். தையல் போட்ட கோடு சிவந்து, கயிறு மாதிரி தடித்து அரிக்கிறது. இதுவும் கெலாய்டா?

தடிப்பு அந்தக் கோட்டுக்குள்ளேயே நிற்கிறதா, பக்கத்துத் தோலுக்குப் பரவுகிறதா என்று பாருங்கள். கோட்டுக்குள் நின்றால் வெறும் தடித்த தழும்பு. ஓரிரு வருடத்தில் தானாகவே அடங்குவது அதன் குணம். சிலிக்கான் ஷீட் ஒட்டினால் சீக்கிரம் அடங்கும். ஆனால் தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதமாவது ஒட்ட வேண்டும். ஒரு வாரம் ஒட்டிவிட்டு “கேட்கவில்லை” என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவலாமா?

பலன் இல்லை. சிலருக்கு அலர்ஜியாகி இன்னும் அரிக்கும். மாத்திரையை விடுங்கள், தழும்பை விரலால் அழுத்தித் தேய்த்துவிடுவது நல்லது.

வயது 23. படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கிரீமை ஐந்தாறு மாதம் தடவினேன். இப்போது தொடை இடுக்கில் சிவப்பாக நீள நீளமாகக் கோடுகள். பயமாக இருக்கிறது டாக்டர்.

தம்பி, அந்த டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். க்ளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருக்கும். வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பு இரண்டே நாளில் நிற்பதால் நல்ல மருந்து போல் தோன்றும். பூஞ்சை மட்டும் அடியில் சுகமாக வளரும். தொடை இடுக்கில் தோல் மெல்லியது, மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். தோலைத் தாங்கும் நார்கள் மெலிந்து அறுந்ததுதான் இந்தக் கோடு. பிரசவ வரியும் இதே ரகம், காரணம் வேறு.

கிரீமை இன்றே நிறுத்துங்கள். நிறுத்தியதும் அரிப்பு கூடும், அதற்குப் பயந்து மறுபடி எடுக்காதீர்கள். படர்தாமரைக்கு ஒழுங்கான சிகிச்சை எடுங்கள். கோடு முழுதாக மறையாது. சிவப்பு போய் வெளிறி, கண்ணில் படாத அளவுக்கு வரும்.

எட்டு வருடத்துக்கு முந்தைய பிரசவ வரிகள். வெள்ளையாகிவிட்டன. ஆறு சிட்டிங் லேசரில் முழுதாகப் போய்விடும் என்கிறார்கள். நம்பலாமா?

“முழுதாக” என்ற சொல்லை நம்ப வேண்டாம். வரிக்குச் சிவப்பாக இருக்கும்போதுதான் நல்ல காலம். அப்போது டிரெட்டினாயின் கிரீமும் சில வகை லேசரும் ஓரளவு கேட்கும். கர்ப்பமாக இருக்கும்போது டிரெட்டினாயின் கூடாது. வெள்ளையான பிறகு, புள்ளி புள்ளியாகச் சுடும் ஃப்ராக்ஷனல் லேசரோ நுண்ணிய ஊசிகளால் குத்தும் மைக்ரோநீடிலிங்கோ செய்தால் தோல் கொஞ்சம் இறுகும், வரி சற்றுக் குறுகும். நிறம் திரும்புவது கஷ்டம். நம் தோலில் லேசரே கருமையை உண்டாக்குவதும் உண்டு. ஒரு சின்ன இடத்தில் செய்து, ஒன்றிரண்டு மாதம் பார்த்துவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள்.

மூக்குத்தி குத்தி மூன்று வாரம். பக்கத்தில் சிவப்பாக ஒரு குமிழ், தொட்டால் ரத்தம் வருகிறது.

கெலாய்டு இத்தனை சீக்கிரம் வராது, தொட்டால் ரத்தமும் கசியாது. புண்ணில் வளர்ந்த சதையாக இருக்கும். திருகாதீர்கள், மஞ்சள் அப்பாதீர்கள். இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

தோளில் பிசிஜி தடுப்பூசித் தழும்பு தடித்திருக்கிறது. மூன்று மாதத்தில் கல்யாணம். ஸ்லீவ்லெஸ் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் மூன்று ஊசி போடலாம், தடிப்பு தட்டையாகும். நிறம் அதற்குள் சேராது. இடது தோள்தானே? முந்தானை அந்தப் பக்கம்தான் வரும்.